பொதிமாட்டு டாக்டர்

கால்நடை மருத்துவக் கல்லூரியின் கடைசி வருடத்தில் வேலைக்கு ஆள் எடுக்கக் கோழித் தீவனக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், பால் பண்ணைக்காரர்கள் வந்தார்கள், மாட்டு இன்சூரன்ஸ்காரர்களும் ராணுவத்தின் நாய்ப்படைக்காரர்களும் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் கோவையிலிருந்து ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியும் மேசை போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனுஷங்களுக்கு ஊசி போட ஆள் கிடைக்கலையாட்டம் இருக்குது என்று ஒருத்தன் சொன்னான்.

பிருந்தா சிரிக்கவில்லை. அவளுக்கு ஊர்ப்பக்கம் ஏதாவது ஒரு அரசுக் கால்நடை மருந்தகத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் ஆசை. அந்த வேலைக்கான பரீட்சை எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. தாய் தகப்பன் போன பிறகு அவளைப் படிக்க வைத்தவன் அண்ணன் சம்பத். திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் பாய்லர் பார்க்கிறவன். கோவை என்றால் அண்ணன் வீட்டுக்கு நினைத்தபோது போய் வரலாம். அதனால் போய் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

எதிரே இருந்தவர் டாக்டர் கோதண்டம். நரம்பியல் நிபுணர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"ஒரு கன்னுக்குட்டிக்குத் தாங்க முடியாத வலி. வலி மருந்து குடுக்கக் கூடாது, மயக்கம் குடுக்கக் கூடாது, கொல்லவும் கூடாது. உயிரோட வச்சிருக்கணும். என்ன பண்ணுவீங்க?"

ஏதோ மருந்தில்லாத மலை கிராமத்தை மனதில் வைத்துக் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள். "தீனி எடுக்காது சார், அதனால முதல்ல குளுக்கோஸ் ஏத்தணும். வயிறு உப்பிக்கும், குழாய் போட்டுக் காத்தை எடுக்கணும். நாக்கைக் கடிச்சுக்கும், வாய்க்கு ரப்பர் குடுக்கணும். ஒரே பக்கமாப் படுக்க விட்டாத் தசை அழுகிரும், புரட்டிப் போட்டுட்டே இருக்கணும். நல்லாப் பாத்துக்கிட்டா மாசக் கணக்குலகூட வச்சிருக்கலாம் சார்."

கோதண்டம் முதல்முறையாகச் சிரித்தார். வகுப்பில் வேறு யாரும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று பிருந்தாவுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், புங்க மரங்களுக்கு மறைவில், குளிரூட்டிய நீளக் கொட்டகை ஒன்று இருந்தது. உள்ளே நுழைந்ததும் அவளுக்கு உறைத்தது அங்கே சத்தமே இல்லாததுதான். கொட்டகை நிறையக் காளைக்கன்றுகள். பால் பண்ணைகளில் யாருக்கும் வேண்டாத ஜெர்சிக் கலப்புக் கன்றுகள். ஒவ்வொன்றும் பஞ்சு மெத்தையில் வார்களால் கட்டப்பட்டுக் கிடந்தது. வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

"குரல் நாணை எடுத்துட்டோம்" என்றார் கோதண்டம். "பக்கத்துல பிரசவ வார்டு இருக்கு."

முதல் கன்றின் பக்கத்தில் அவள் மண்டியிட்டாள். விழி பிதுங்கியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. நெஞ்சில் காதை வைத்தால் இதயம் உடைந்துவிடும் போல் அடித்தது. ஆனால் எலும்பு முறிவில்லை, காயமில்லை, காய்ச்சலும் இல்லை. பிடரியில் மட்டும் நகத்தளவில் ஒரு வில்லை பதிந்திருந்தது.

"உடம்புல ஒண்ணுமே இல்லையே சார்?"

"இல்ல. வலி மட்டும்தான். அதுவும் அதோட வலி இல்ல. மேல மூணாவது மாடியில ஒரு அம்மாவோடது. அவங்க கழுத்துல இதே மாதிரி இன்னொரு வில்லை இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். "வலிங்கறது கதவைத் தட்டற மாதிரி. திறக்கற வரைக்கும் நரம்பு தட்டிட்டே இருக்கும். மார்ஃபின் குடுத்தா வீட்டுக்காரன் தூங்குவான், அவ்வளவுதான். தூங்கிட்டே கிடக்கறவனுக்குப் பசி எடுக்காது, புண்ணும் ஆறாது. நாங்க தட்டற சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பி விடறோம். அங்க ஒரு மூளை முழிச்சிருந்து கதவைத் திறக்கணும். இந்தக் கன்னு தூங்கிட்டாலோ செத்துட்டாலோ அந்த நொடியே வலி திரும்ப மேல போயிரும். நோயாளிங்க எழுந்து உக்காந்து சாப்பிடறாங்கம்மா, பேரன் பேத்தியோட பேசறாங்க. வலியை அழிக்க யாராலயும் முடியாது. இடம் மாத்தத்தான் முடியும்."

"அப்ப எனக்கு இங்க என்ன வேலை சார்?"

"இன்டர்வியூல சொன்னீங்களே, அதேதான்."

கொட்டகை ஆட்கள் அவற்றைப் பொதிமாடுகள் என்றார்கள். வலியைக் கன்றுக்கு மாற்றுவது பொதி ஏற்றுவது. திரும்ப எடுப்பது இறக்குவது. அவளுக்கும் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது, பொதிமாட்டு டாக்டர்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு மத்தியானம், வாரை அறுத்துக்கொள்ளும் அளவுக்கு உதைத்துக்கொண்டிருந்த ஒரு கன்றுக்கு, யாரும் பார்க்காதபோது தூக்க மருந்தில் கொஞ்சம் ஊசியில் ஏற்றினாள். கன்றின் இமைகள் தாழ்ந்தன. கழுத்து அவள் மடியில் சரிந்தது. மாடு படுத்து நிம்மதியாக மூச்சு விடுவதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

கோதண்டம் வந்தார். திட்டவில்லை. "வாங்கம்மா" என்று லிஃப்ட்டில் மூன்றாவது மாடிக்குக் கூட்டிப் போனார். எலும்பில் புற்றுநோய் வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர் அங்கே இருந்தார். தலை வாரிக்கொண்டிருந்தவர் போல, சீப்பு இன்னும் கையிலேயே இருந்தது. அந்தக் கையைத் தானே கடித்துக்கொண்டு தரையில் புரண்டுகொண்டிருந்தார். அவருடைய மகள் சுவரோடு ஒட்டி நின்று, "அம்மா, அம்மா" என்று அலறினாள். பிருந்தா வெளியே போகத் திரும்பினாள். கோதண்டம் கதவை மறித்து நின்றார்.

"நில்லுங்க. உங்க கன்னு எழுந்திரிக்கற வரைக்கும் நாம ரெண்டு பேரும் இங்கதான் நிக்கப் போறோம். அது நல்லாத் தூங்குதில்ல?"

அதற்குப் பிறகு அவள் எந்தக் கன்றுக்கும் அந்த ஊசியைப் போடவில்லை.

வேலையை விட்டுவிட நினைத்தாள். விடவில்லை. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், அவளும் பழகினாள். அவள் வந்த பிறகு கன்றுகள் முன்பைவிட நெடுநாள் தாங்கின. பிருந்தா கைக்கு வந்த கன்று சாகாது என்று மேலிடத்தில் பேர் வந்தது. அந்தப் பேரில் அவளுக்கு ஒரு பெருமையும் வந்தது.

சித்திரை மாதத்தில் சாயப்பட்டறை பாய்லரில் நீராவிக் குழாய் வெடித்தது. சம்பத்தைத் தூக்கிவந்தபோது அவன் சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை. நெஞ்சு, வயிறு, இரண்டு கால்களும் வெந்திருந்தன. அண்ணன் மனைவி கலாமணி அவசரப் பிரிவின் வாசலில் அவனுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிருந்தா அவளை நங்கை என்று கூப்பிடுவாள்.

"அம்மிணி, உங்கண்ணன் கத்தறது எனக்குக் கேக்க முடியலம்மிணி. என்னமோ பண்ணு. நீ இங்க டாக்டர்தான?"

ஊழியரின் அண்ணன் என்பதால் உடனே இடம் கிடைத்தது. பொதிக்குக் கன்றை அவளே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் செவலை ஒன்று புதிதாக வந்திருந்தது. நல்ல திடமான கன்று. காலையில் அவள் உள்ளங்கை உப்பை நக்கிக்கொண்டு, சட்டை நுனியைச் சப்பிக்கொண்டு பின்னாலேயே நடந்தது. மற்றவை எல்லாம் இளைத்தவை. தீக்காய வலியை அவை தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். செவலையின் பிடரியை அவளே மழித்தாள், அவளே வில்லையைப் பதித்தாள். பொதி ஏறியபோது அது அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே சம்பத் கண்ணைத் திறந்தான்.

"பாப்பா, பசிக்குது" என்றான். கலாமணி பிருந்தாவின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதுகின் நல்ல தோலை எடுத்து நெஞ்சில் ஒட்டினார்கள். புண்ணைக் கழுவிக் கட்டும்போது மற்ற ஆஸ்பத்திரிகளில் கத்தலில் கட்டடமே அதிரும். சம்பத் நர்சுகளோடு கேலி பேசிக்கொண்டு கிடந்தான். அது மாதிரி நேரங்களில் பிருந்தா கீழே செவலையின் வாயில் ரப்பரைக் கொடுத்து, தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"என்ற வலி எல்லாம் எங்க போகுது பாப்பா?" என்று அவன் கேட்பான்.

"மிசின் இழுத்துக்குதுங்ணா."

"மிசினுக்கு எதுக்கு உன்ன மாதிரி மாட்டு டாக்டரு?"

அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அவன் விடுகிற ஆள் இல்லை. சக்கர நாற்காலியில் உட்காரத் தேறியதும், வெயிலில் உட்கார வைக்கிறேன் என்று அழைத்து வந்த வார்டு ஆளிடம் நயமாகப் பேசிக் கொட்டகைக்கே வந்துவிட்டான். பிருந்தா நிமிர்ந்து பார்த்தபோது அவன் கதவுக்குள் இருந்தான். கட்டிக் கிடந்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவள் மடியில் தலை வைத்திருந்த செவலையைப் பார்த்தான்.

பிறகு தன் முழங்கால் பக்கத்தில் பாதி ஆறியிருந்த புண்ணை நகத்தால் கிள்ளினான். செவலை வாரோடு துள்ளி விழுந்தது.

சம்பத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. நெடுநேரம் தன் உடம்பைத் தானே தொடப் பயந்தவனாகக் கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எறக்கு பாப்பா."

"எறக்குனா நீங்க செத்துருவீங்ணா."

"வாயில்லாச் சீவன்மேல ஏத்திட்டு நான் பொழைக்கோணுமா? நம்ம அப்பன் தார்க்குச்சிய மாட்டுமேல வெக்க மாட்டாரே. நீ இதுக்கா படிச்ச?"

"ஆமாங்ணா, இதுக்குத்தான் படிச்சிருக்கறேன்" என்று அவள் கத்திவிட்டாள். "நீங்க உசுரோட இருக்கோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். போங்க இங்கிருந்து."

அவன் மடியில் செல்போன் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

சம்பத் எடுத்த வீடியோ ஒரு நாளில் நாடு முழுக்கப் போனது. சத்தமில்லாமல் வாய் பிளக்கும் கன்றுகளைப் பார்த்து ஜனங்கள் அழுதார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடியது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எதிர்ப்பக்கம் கூடினார்கள். எங்க அம்மா வலியில சாகலாம், மாடு சாகக் கூடாதா என்று டீச்சரின் மகள் தொலைக்காட்சியில் கேட்டாள். அவளைத் திட்டி வந்த பதில்களுக்கு அளவே இல்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் அரசாணை வந்துவிட்டது. இனி எந்த விலங்கின் மீதும் மனித வலியை ஏற்றக் கூடாது.

பொதி இறக்கிய நாளன்று பிருந்தாவுக்குத் தூக்க ஊசி போட அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு கன்றாகத் தூங்க வைத்து வில்லையை எடுத்தாள். செவலையைக் கடைசியாக வைத்திருந்தாள். அண்ணனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்றுதான். வில்லையை எடுத்ததும் அது நடுங்குவதை நிறுத்தியது. தடவிக்கொடுக்கக் கையை நீட்டினாள். கை படுவதற்கு முன்பே அது சுருண்டுகொண்டது. பிறகு கோசாலைக்கு அனுப்பிய எந்தக் கன்றும் மனிதர் நிழல் பட்டால் தீனி தொடவில்லை. தை பிறப்பதற்குள் எல்லாம் செத்துப்போயின.

மூன்றாவது மாடி டீச்சர் அன்று சாயங்காலமே போய்விட்டார். தாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்த சம்பத் மத்தியானம் வரைக்கும் பல்லைக் கடித்துத் தாங்கினான். அதற்குப் பிறகு அவன் கத்தியது பிரசவ வார்டு வரைக்கும் கேட்டது. மறுநாள் விலங்குகள் நலச் சங்கத்தார் பொன்னாடை கொண்டுவந்தார்கள். வெந்த உடம்பில் போர்த்த முடியாமல் கட்டில் கம்பியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போனார்கள். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். ஒட்டிய தோல் பிடிக்காமல் உரிந்து வந்தது. கால் மூட்டுகள் மடங்கியபடியே இறுகத் தொடங்கின. தினமும் பிடித்து நீட்டி மடக்காவிட்டால் இனி நடக்கவே முடியாது என்றார்கள். தொட்டாலே மூச்சு நின்றது.

கோதண்டம் பிருந்தாவையும் கலாமணியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அரசாணையை நல்லாப் படிச்சுப் பாத்தேன்" என்றார். "விலங்கு மேல ஏத்தக் கூடாதுன்னு இருக்கு. மனுஷன் மேல ஏத்தக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. சம்மதிச்சு வர்ற மனுஷன் மேல ஏத்தலாம்."

பிருந்தாவுக்கு அவர் சொல்வது உடனே பிடிபட்டுவிட்டது. "நல்லா இருக்கற ஆளுக்கு வலி குடுக்க எந்த டாக்டர் ஒத்துக்குவாங்க? லைசென்ஸ் போயிராதா?"

"போயிரும். மனுஷ டாக்டர்களுக்கு அப்படி விதி இருக்கு. உங்க கால்நடை கவுன்சில்ல அந்த மாதிரி விதி இல்ல. அவங்க புஸ்தகத்துல மனுஷங்கற பிராணியே கிடையாது. உங்களைப் பராமரிப்பாளர்னு போட்டுக்கலாம். பொதி சுமக்கற உடம்பை எப்படிச் சாகாம வச்சிருக்கறதுன்னு இந்த நாட்டுல உங்களை விட்டா யாருக்கும் தெரியாது."

"அப்ப என்ற மேல ஏத்துங்க. நான் அவரோட தங்கச்சி."

"உங்க மேல ஏத்துனா உங்களை யாரு பாத்துக்கறது?"

கலாமணி மெதுவாகக் கேட்டாள். "ஏனுங் டாக்டர், ஏத்துனா உசுருக்கு ஒண்ணும் ஆகாதுங்களா? குழந்தை ஒண்ணு இருக்குதுங், அதுக்குத்தான் கேக்கறேன்."

"நங்கை, வேண்டாம். உங்களுக்குத் தெரியாது. நான் தினமும் பாத்திருக்கறேன்."

"உன்ற கைக்கு வந்தது ஒண்ணும் செத்ததில்லைன்னு அவரு பெருமையாச் சொல்லுவாரு அம்மிணி" என்றாள் கலாமணி. "அவருக்கு மட்டும் சொல்லீராத. சொன்னா ஒத்துக்க மாட்டாரு."

அதே கொட்டகையைக் கழுவி வெள்ளையடித்திருந்தார்கள். மெத்தைகளுக்குப் பதில் கட்டில்கள். வார்கள் மட்டும் பழையவைதான். கலாமணியின் பக்கத்துக் கட்டில்களும் சீக்கிரமே நிரம்பின. யாரென்றே தெரியாத பணக்கார நோயாளிகளுக்காக எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கூட்டிக்கொண்டு தரகர்கள் வந்தார்கள். சம்மதம் என்று கைநாட்டு வைத்துவிட்டு, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று ஒவ்வொருத்தரும் பிருந்தாவைக் கேட்டார்கள். வாசலில் கூட்டம் எதுவும் கூடவில்லை.

கலாமணியின் பிடரியில் முடியை ஒதுக்கி பிருந்தா வில்லையைப் பதித்தாள். பழகிய கை. பொதி ஏறியதும் கலாமணியின் உடம்பு வில்லாக வளைந்தது. அவளைப் புரட்டினாள், வாயில் ரப்பரைக் கொடுத்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இமை சொக்கும்போதெல்லாம் கன்னத்தில் தட்டி எழுப்பினாள். அதையும் அவள்தான் செய்ய வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து மூன்றாவது மாடிக்குப் போனாள். சம்பத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் சதை பிடித்திருந்தது. பிசியோதெரபிப் பெண் அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"வா பாப்பா. பாத்தியா, என்னமோ புது மருந்தாமா. மாட்டத் தொடாமயே வழி கண்டுபிடிச்சிருக்கறாங்க. அன்னைக்கே இதப் பண்ணீருந்தா அந்தக் கன்னுக பொழைச்சிருக்குமில்ல?"

"ஆமாங்ணா."

"இனி நீயும் ஊர்ப்பக்கம் போயி ஒழுங்கா மாட்டு வைத்தியம் பாக்கலாம். கலா ஏன் வரலை? போனும் எடுக்க மாட்டேங்கறா."

"குழந்தைக்குக் காய்ச்சலுங்ணா. சரியானதும் வருவாங்க."

"சரி சரி, அவளைப் போட்டு அலைக்கழிக்காத. நடந்தே வீட்டுக்குப் போயி நிக்கறேன், பாத்து அசந்து போகோணும்." அவன் பிசியோதெரபிப் பெண் பக்கம் திரும்பினான். "ஏனுங்மா, மூட்ட இன்னும் நல்லா மடக்குங்க. பயப்படாதீங்க."

அந்தப் பெண் பிருந்தாவைப் பார்த்தாள். பிருந்தா ஜன்னலைப் பார்த்தாள். புங்க மரங்களுக்கு அந்தப் பக்கம் கொட்டகைக் கூரை தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் மடக்குங்க" என்று சிரித்தான் சம்பத். "எனக்கு வலிக்கவே இல்லீங்க."